மழை தணிந்த பிறகு சரிந்த மலை: சூறாவளி மழை உண்டாக்கும் கூட்டுப் பேரிடர்

சூறாவளி மழையால் வெள்ளம் வருகிறது, மண் சரிகிறது, பாலம் இடிகிறது. எல்லாமே ஒரே மழையின் விளைவுகள்தாமே, அவற்றைக் "கூட்டுப் பேரிடர்" என்று தனியாகப் பெயரிட்டு ஆராய்வது எதற்காக, சரியான நேரத்தில் எச்சரிக்கை விடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மழை ஒன்றுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு விளைவு அடுத்த விளைவுக்குக் காரணமாகத் தொடங்கியதும், முதல் ஆபத்திலிருந்து தப்ப நாம் ஓடிச் சேரும் இடமே இரண்டாவது ஆபத்தின் பாதையில் அமைந்துவிடுகிறது. வெள்ளத்துக்கு அஞ்சி மலையடிவாரத்தில் ஒதுங்கியவர்களை மலை மூடுகிறது. மலைச்சரிவிலிருந்து தப்பியவர்களை, அந்தச் சரிவு அடைத்து நிறுத்திய ஆறு உடைத்துக்கொண்டு வந்து வாரிச் செல்கிறது. ஒவ்வொன்றும் வரும் நேரம் வேறு, அதை அளக்கும் கருவி வேறு, அதைக் கண்காணிக்கும் அலுவலகம் வேறு. இதைப் பொதுப்படையாகச் சொல்வதைவிட, 2009 ஆகஸ்டில் தைவான் தீவில் நடந்ததை மணிக்கணக்கில் விரித்துச் சொன்னால் தெளிவாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

அந்தச் சூறாவளியின் பெயர் மொரகோட். தாய்லாந்து கொடுத்த பெயர் அது. நம்முடைய "மரகதம்" என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மேற்குப் பசிபிக்கில் டைஃபூன் என்று அழைக்கப்படும் சூறாவளிகள் காற்றின் வேகத்தைக் கொண்டே தரம் பிரிக்கப்படுகின்றன. அந்தக் கணக்கில் மொரகோட் நடுத்தரமானது. அதைவிடக் கடுமையான சூறாவளிகளைத் தைவான் பலமுறை கண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, தீவின் தென்பகுதி அப்போது வறட்சியில் இருந்தது. ஒரு சூறாவளி வந்தால் நீர்த்தேக்கங்கள் நிறையும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களும் உண்டு. ஆகஸ்ட் 7 நள்ளிரவை ஒட்டிக் கிழக்குக் கரையில் ஹுவாலியன் அருகே அது கரையைக் கடந்தது. 8ஆம் தேதி பிற்பகலில் தீவின் மறுபக்கம் வழியாகக் கடலுக்குள் இறங்கிவிட்டது. பேரழிவை உண்டாக்கிய மழையில் பெரும்பகுதி பெய்தது அதற்குப் பிறகும் அதை ஒட்டியுமே.

தைவானின் நடுவே முதுகெலும்பு போல ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. 3,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் இருநூறுக்கும் அதிகம், உயரமான யூஷான் 3,952 மீட்டர். மொரகோட் மிக மெதுவாக நகர்ந்தது. நகர்ந்தபடியே தன் தெற்குப் பக்கமாகத் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து, கடலின் ஈரம் முழுவதையும் அந்த மலைச்சுவரின் மேல் இடைவிடாமல் மோதச் செய்தது. மோதிய காற்று மேலெழுந்து குளிர்ந்தது. மழை ஒரே சரிவுகளில், ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், நாள்கணக்கில் கொட்டியது. அலிஷான் மலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 1,623.5 மி.மீ., 48 மணி நேரத்தில் 2,361 மி.மீ. பதிவாயின, அந்தச் சில நாள்களின் மொத்தம் 3,000 மி.மீட்டரைத் தாண்டியது. சென்னையில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே சுமார் 1,400 மி.மீ.தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் பொருள் புரியும். 48 மணி நேர மழைக்கான உலகச் சாதனை 1995 ஜூனில் சிரபுஞ்சியில் பதிவான 2,493 மி.மீ.; அலிஷான் அதற்கு மிக அருகில் வந்து நின்றது.

இவ்வளவு நீர் ஒரு மலைக்குள் இறங்கும்போது நடப்பவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் ஓரிரு மீட்டர் தடிமனுள்ள மண் போர்வை விரைவில் நனைந்து, துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் ஏறி, பிடிப்பு இழந்து வழுக்குகிறது. இத்தகைய மேலோட்டமான சரிவுகள் மழை வெளுத்து வாங்கும் நேரத்திலேயே நூற்றுக்கணக்கில் நிகழ்கின்றன. அவை ஓடைகளில் இறங்கி, கல்லும் மரமும் கலந்த, ஏறக்குறைய கான்கிரீட் குழம்பு போன்ற சேற்று வெள்ளமாக ஓடுகின்றன. ஆழமான சரிவு வேறு வகை. அங்கே நகர்வது மண் அல்ல, பல பத்து மீட்டர் ஆழத்துக்குப் பாறையோடு சேர்ந்த மலையின் ஒரு பகுதி. விரிசல்கள் வழியாக நீர் அந்த ஆழத்துக்கு இறங்கவும், அங்கே அழுத்தம் ஏறவும் நேரம் பிடிக்கும். அதனால் அது மணிக்கு எத்தனை மி.மீ. பெய்கிறது என்பதைவிட, மொத்தம் எவ்வளவு உள்ளே இறங்கியது என்பதையே பொறுத்தது. மழை உச்சத்தைக் கடந்து, "இனி ஆபத்தில்லை" என்று மக்கள் மூச்சுவிடும் வேளையிலும் அது நிகழலாம். கூட்டுப் பேரிடர்களில் மக்கள் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மழைக்கு முந்தைய வரலாற்றையும் இதில் சேர்க்க வேண்டும். 1999 செப்டம்பர் 21 அன்று மத்திய தைவானை உலுக்கிய சிச்சி நிலநடுக்கம் சுமார் 2,400 உயிர்களைக் கொன்றது. கூடவே ஆயிரக்கணக்கான மலைச்சரிவுகளைத் தளர்த்திவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் முன்பு தேவைப்பட்டதைவிட மிகக் குறைந்த மழைக்கே சேற்று வெள்ளம் இறங்கத் தொடங்கியது; 2001இல் வந்த தோராஜி சூறாவளியும் 2004இல் வந்த மிண்டுல்லே சூறாவளியும் அதைக் கண்கூடாகக் காட்டின. எனவே "இத்தனை மி.மீ. பெய்தால் ஆபத்து" என்ற எச்சரிக்கை வரம்பு கல்லில் பொறித்த எண் அல்ல. ஒவ்வொரு நிலநடுக்கத்துக்குப் பிறகும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அதை மறுபடி கணக்கிட வேண்டும்.

இப்போது சியாவ்லின் ஊருக்கு வருவோம். அன்றைய காவ்சியுங் மாவட்டத்தில், சிஷான் ஆற்றங்கரையில் அமைந்த மலைக்கிராமம் அது. தாய்வோவன் என்னும் சமவெளிப் பழங்குடியினர் பலர் வாழ்ந்த ஊர். ஆகஸ்ட் 8 தைவானில் தந்தையர் தினம். சீன மொழியில் "எட்டு, எட்டு" என்று சொல்வது "அப்பா" என்பதுபோல ஒலிப்பதால் அந்த நாள். விடுமுறைக்காகப் பிள்ளைகள் சிலரும் ஊர் திரும்பியிருந்தார்கள். தைவானில் இந்தப் பேரிடரை இன்றும் "எட்டு எட்டு வெள்ளம்" என்றே குறிப்பிடுகிறார்கள்.

ஊருக்கு மேலே நின்றது சியாந்து மலை. மணற்பாறையும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கப்பட்டு, அடுக்குகள் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருந்த மலை. தன் எடையாலேயே அது நெடுங்காலமாக மெல்ல வளைந்து நெகிழ்ந்துகொண்டிருந்ததைப் பின்னர் நடந்த புவியியல் ஆய்வுகள் காட்டின. 9ஆம் தேதி காலைக்குள் அந்தப் பகுதியில் 1,600 மி.மீட்டருக்கும் மேல் மழை இறங்கியிருந்தது. மழையின் உச்சம் அதற்கு முன்பே கடந்துவிட்டது. காலை 6.16 மணியளவில் ஏறக்குறைய 2.5 கோடி கன மீட்டர் பாறையும் மண்ணும் ஒரே மூச்சில் சரிந்தன. நிலநடுக்கத்தைப் பதிவு செய்ய வைக்கப்பட்டிருந்த கருவிகளில் அந்த அதிர்வு பதிவானதால்தான் நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. மணிக்கு 70 கி.மீட்டருக்குக் குறையாத வேகத்தில் அது இறங்கியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரிந்து வந்ததில் ஒரு பகுதி ஊரின் வடபாகத்தை நேரடியாக மூடியது. மற்றொரு பகுதி ஆற்றின் குறுக்கே விழுந்து அணையாக நின்றது. பெருவெள்ளத்தோடு வந்துகொண்டிருந்த ஆறு அதன் பின்னால் வேகமாகத் தேங்கியது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த அணை உடைந்து, எஞ்சியிருந்த தென்பாகத்தையும் அடித்துச் சென்றது. சற்று முன்னதாக மேட்டுக்கு ஏறிவிட்ட சிலர் மட்டும் மேலிருந்து பார்த்தபடி பிழைத்தார்கள். அந்த ஒரே ஊரில் இறந்தவர்கள் 460 பேருக்கு மேல். தீவு முழுவதும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறக்குறைய 700 பேர். அதாவது, அந்தச் சூறாவளியின் உயிரிழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே பள்ளத்தாக்கில், ஒரே காலையில் நிகழ்ந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சேற்று வெள்ள அபாயத்துக்கான சிவப்பு எச்சரிக்கை முன்னதாகவே விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது ஓடை வழியாக வரும் சேற்று வெள்ளத்துக்கான எச்சரிக்கை. ஒதுங்குவதற்கென ஊரிலேயே குறிக்கப்பட்டிருந்த இடங்களும் அந்த ஆபத்தை மட்டுமே மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மலையே சரிந்தபோது தொடக்கப்பள்ளியும் ஊரோடு சேர்ந்து போயிற்று. சாலைகளும் பாலங்களும் அறுந்து, மின்சாரமும் தொலைபேசியும் போன பிறகு, அந்த ஊரே இல்லாமல் போன செய்தி வெளியுலகுக்குத் தெரியவே நேரமாயிற்று. வானிலை அலுவலகம் மழையை அளந்தது, நீர்வளத் துறை ஆற்றை அளந்தது, மண் பாதுகாப்பு அமைப்பு ஓடைகளைக் கவனித்தது. மலையின் ஆழத்தில் ஏறிக்கொண்டிருந்த அழுத்தத்தை அளக்கும் பொறுப்பு யாரிடமும் இருக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு துறையும் தன் வேலையைச் செய்ததாகவே சொல்லலாம். என் கணிப்பில் "கூட்டுப் பேரிடர்" என்ற தனிச்சொல் தேவைப்படுவது இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டத்தான்.

மற்றொரு நதியின் நீரைச் செங்வென் நீர்த்தேக்கத்துக்குத் திருப்புவதற்காக அருகே வெட்டப்பட்டுவந்த சுரங்கப் பாதைதான் மலையைத் தளர்த்தியது என்று உயிர் பிழைத்தவர்கள் குற்றம் சாட்டினார்கள். அரசுத் தரப்பு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை; மழையே காரணம் என்றன. மலையின் அடுக்குகளின் சாய்வையும் பழைய நெகிழ்வையும் மழையின் அளவையும் சேர்த்துப் பார்த்தால் சுரங்கம் இல்லாமலேயே சரிவை விளக்க முடிகிறது. ஆனாலும் அந்த மக்களின் ஐயத்தை அறியாமை என்று ஒதுக்குவது சரியல்ல. மலைக்குள் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தாம். மீட்புப் பணியின் தாமதத்துக்காக எழுந்த கண்டனங்களின் விளைவாகப் பிரதமர் லியூ சாவ்-ஷியுவான் அடுத்த மாதமே பதவி விலகினார்.

மலையில் நடந்தது மலையோடு நிற்கவில்லை. கிழக்கே சிபென் வெந்நீர் ஊற்றுப் பகுதியில், வெள்ளம் கரையை அடியோடு அரித்ததால் ஒரு பல மாடி விடுதி அப்படியே ஆற்றுக்குள் சாய்ந்து விழுந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பீர்கள். தெற்கே காவ்பிங் ஆற்றின் கடைப்பகுதியில் இருந்த ஷுவாங்யுவான் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. லின்பியன், சியாதுங் ஆகிய கடலோர ஊர்கள் நாள்கணக்கில் நீருக்குள்ளும், அதன் பிறகு இடுப்பளவு சேற்றுக்குள்ளும் கிடந்தன. அவற்றின் துயரத்துக்கு மழை மட்டும் காரணம் அல்ல. மீன் வளர்ப்புக் குளங்களுக்காகப் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில் அங்கே நிலம் சில இடங்களில் 3 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோயிருந்தது. தாழ்ந்த நிலத்துக்குள் புகுந்த நீர் கடலுக்கு வடிய வழியில்லை. மனிதர் மெதுவாகச் செய்த ஒன்று, சூறாவளி விரைவாகச் செய்ததோடு கைகோத்த இடம் அது.

செங்வென் நீர்த்தேக்கத்தில் மட்டும் அந்த ஒரே மழையில் சுமார் 9 கோடி கன மீட்டர் வண்டல் வந்து படிந்தது. வறட்சியைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்த சூறாவளி, நீர் தேங்க வேண்டிய இடத்தில் மண்ணைக் கொண்டுவந்து நிரப்பிப் போனது. எஞ்சிய வண்டல் காவ்பிங் ஆறு வழியாகக் கடலுக்குப் போய், கடலடிப் பள்ளத்தாக்கில் அடர்ந்த சேற்றோட்டமாக இறங்கி, ஆழ்கடலில் கிடந்த தகவல் தொடர்புக் கேபிள்களை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தது. கேபிள்கள் அறுந்த நேரத்தை வைத்தே அந்தச் சேற்றோட்டத்தின் வேகத்தை ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டார்கள். மலையுச்சியில் பெய்த மழை நூற்றுக்கணக்கான கி.மீட்டர் தொலைவில், பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இணையத்தைத் துண்டித்தது என்பதை முதலில் படித்தபோது எனக்கே நம்பச் சற்று நேரம் பிடித்தது.

நிலச்சரிவு ஆற்றை அடைப்பது தைவானுக்கு மட்டும் உரியது அல்ல. ஜப்பானின் கீ தீபகற்பத்தில் 2011 செப்டம்பரில் தலாஸ் சூறாவளி மெதுவாகக் கடந்தபோது காமிகிதயாமாவில் 72 மணி நேரத்தில் 1,652.5 மி.மீ. பெய்தது, ஆழமான சரிவுகள் பல நிகழ்ந்து 17 இடங்களில் ஆறுகள் அடைபட்டன. அதே மலைகளில் 1889 ஆகஸ்டிலும் அதுவே நடந்திருந்தது. அப்போது தொத்சுகாவா ஊரில் 168 பேர் இறந்தார்கள். வாழ நிலமில்லாமல் போன சுமார் 2,500 பேர் வடக்கே ஹொக்காய்தோ தீவுக்குக் குடிபெயர்ந்து, புதிய தொத்சுகாவா என்ற ஊரை அமைத்தார்கள். இடையில் 122 ஆண்டுகள். ஒரு தலைமுறையின் நினைவுக்கு எட்டாத இடைவெளியில் திரும்ப வரும் ஆபத்து என்பதால், "எங்கள் தாத்தா காலத்தில்கூட இப்படி நடந்ததில்லை" என்ற சான்று இங்கே உதவாது.

இத்தகைய இயற்கை அணைகளின் ஆயுள் மிகக் குறைவு. உலகெங்கும் பதிவானவற்றைத் தொகுத்த பழைய ஆய்வு ஒன்றின்படி, உடைந்துபோன அணைகளில் நான்கில் ஒன்று ஒரே நாளுக்குள்ளும், ஏறக்குறைய பாதி பத்து நாள்களுக்குள்ளும் உடைந்துவிட்டன. சியாவ்லின் முதல் வகை. அங்கே யோசிக்கவே நேரமில்லை. நீண்ட நாள் நிற்கும் அணையானால் எச்சரிக்கைக்கு நேரம் கிடைக்குமே, அது போதாதா என்று உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியை இங்கே எழுப்பலாம். அதற்கான விடை 2025இல் மீண்டும் தைவானிலேயே கிடைத்தது.

அந்த ஆண்டு ஜூலையில் வீபா சூறாவளி மழைக்குப் பின் ஹுவாலியன் மாவட்ட மலைகளில் நிகழ்ந்த ஒரு பெருஞ்சரிவு மதாய்ஆன் ஓடையை அடைத்தது. ஏரி உருவானதைக் கண்டுபிடித்தார்கள், நீர்மட்டத்தை நாள்தோறும் கண்காணித்தார்கள், எப்போது வழியும் என்று கணக்கிட்டார்கள், கீழே எந்தத் தெரு வரை நீர் வரும் என்று வரைபடம் போட்டார்கள். சியாவ்லினில் இல்லாத அனைத்தும் இங்கே இருந்தன. செப்டம்பர் 23 அன்று ரகாசா சூறாவளியின் வெளிவட்ட மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. வழிந்த நீர் அணையின் முகட்டை அரித்து, சேறும் கல்லுமாகக் குவாங்ஃபு ஊருக்குள் புகுந்தது. நெடுஞ்சாலைப் பாலம் போயிற்று. பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள்.

மொரகோட்டுக்குப் பிறகு, மழை வருவதற்கு முன்பே மக்களை வெளியேற்றுவதைத் தைவான் கொள்கையாகவே ஆக்கியிருந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அப்படி இடம்பெயர்க்கப்பட்டு உயிர் பிழைக்கிறார்கள். குவாங்ஃபுவில் பலருக்குச் சொல்லப்பட்டது ஊரை விட்டுப் போகும்படி அல்ல, மேல்தளத்துக்கு ஏறும்படி. மாடியுள்ள வீட்டில், படியேற முடிந்தவர்களுக்கு, நீர் மட்டும் வரும் வெள்ளத்துக்கு அது நல்ல அறிவுரை. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். மேலும், எதிர்பார்த்தது நீர். வந்தது வழியெங்கும் வண்டலை வாரிச் சேர்த்துக்கொண்ட சேறு. ஒரே கன அளவு நீரும் சேறும் ஒரே உயரத்தில் ஓடுவதில்லை, ஒரே விசையோடு கதவை முட்டுவதும் இல்லை. ஆகவே எச்சரிக்கை போதுமா என்று கேட்டால், எதைப் பற்றிய எச்சரிக்கை என்பதையும் சேர்த்தே நான் திருப்பிக் கேட்பேன். மழை அளவைக் கொண்டு மட்டும் விடுக்கப்படும் எச்சரிக்கை மழைக்கு மட்டுமே பொருந்தும். சரிவு, அடைப்பு, உடைப்பு, வண்டல் ஆகியவற்றுக்குத் தனித்தனி நேரக் கணக்கும் தனித்தனி ஒதுங்கிடமும் வேண்டும், அவை எல்லாம் ஒரே மேசையில் ஒரே வரைபடத்தின் மேல் பார்க்கப்பட வேண்டும்.

கடைசியாக, இப்படிப்பட்ட பேரிடர் எப்போது முடிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெரும்பாலும் கணக்கில் வருவதே இல்லை. மொரகோட் மலையிலிருந்து இறக்கிய மண் முழுவதும் கடலுக்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பகுதி ஓடைகளின் தலைப்பகுதியிலும் ஆற்றுப்படுகைகளிலும் தங்கிவிட்டது. படுகை பல மீட்டர் உயர்ந்ததால் முன்பு தாங்கிய வெள்ளத்தை ஆறு தாங்குவதில்லை. பாலங்களின் கீழ் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. 2021 ஆகஸ்டில் காவ்சியுங் மலைப்பகுதியில் பெய்த கனமழையில், தங்கியிருந்த அந்தக் குவியல்கள் மறுபடி இறங்கி, மொரகோட்டுக்குப் பிறகு புதிதாகக் கட்டப்பட்டிருந்த மிங்பாகெலு பாலத்தை அடித்துச் சென்றன. அதற்கு அப்பால் இருந்த மலைக்கிராமங்களுக்குப் பாதை அறுந்தது. சூறாவளி கடலுக்குப் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.